சேலத்துச் சாவடியில் ஒருவேளைச் சோறு



சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நடுத்தர வயது அன்பர் ஒருவர் வந்து கைகூப்பினார். ஆள் நன்றாக இளைத்திருந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க சாமி. சோறு விட்டுட்டனுங்க. சீனி, மைதா எல்லாம் விட்டு மூணு மாசமாச்சு. உடம்பு காத்தாட்டம் இருக்குதுங்க” என்றார். சந்தோஷம் என்றேன். அவர் விடவில்லை. “நான்தான் வருஷம் பூரா ஒருசந்தி மாதிரியே இருக்கறனே, தவக்காலத்துக்குன்னு தனியா வேற இருக்கோணுமுங்களா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த திருப்பலிக்கு மணி அடித்துவிட்டது, நல்லவேளையாக.

அவருக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இன்றைய சிந்தனை. அதற்குக் கொஞ்சம் பழைய கதைகளுக்குள் போக வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்து மண்ணில் நடந்த கதையும் அதில் உண்டு.

சில உணவை விலக்கினால் உடம்பு தேறும் என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. விவிலியத்திலேயே இருக்கிறது. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோன் அரண்மனையில் வளர்க்கப்பட்ட நான்கு யூத இளைஞர்கள், அரசன் அனுப்பிய உணவும் திராட்சை இரசமும் வேண்டாம் என்றார்கள். காய்கறியும் தண்ணீரும் போதும், 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டார்கள். 10 நாள் கழித்துப் பார்த்தால், அரச உணவு தின்ற மற்றவர்களைவிட இவர்கள் முகம் களையாகவும் உடல் செழிப்பாகவும் இருந்தது. இந்தப் பகுதியை வைத்து உணவுக் கட்டுப்பாட்டுப் புத்தகங்களே வெளிநாடுகளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தானியேல் அந்த உணவை மறுத்தது உடம்பு தேற அல்ல. தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது, தான் யாருடைய ஆள் என்பதை அந்நிய அரண்மனையில் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. உடம்பு தேறியது கூடவே வந்த கொடை.

இனி இத்தாலிக்கு வருவோம். வெனிஸ் நாட்டில் லூயிஜி கொர்னாரோ என்றொரு செல்வந்தர் இருந்தார். இளமையில் தின்று குடித்துத் திரிந்து 40 வயதுக்குள் நோயில் விழுந்தார். வைத்தியர்கள் கைவிரிக்காத குறை. அன்று முதல் நாளுக்கு 12 அவுன்ஸ் உணவு, 14 அவுன்ஸ் திராட்சை இரசம் என்று அளந்து உண்ண ஆரம்பித்தார். 12 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 350 கிராம். ரொட்டி, முட்டை, இறைச்சி, கஞ்சி எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். தன் அனுபவத்தை 1558இல் ஒரு சிறு நூலாக எழுதினார். முதுமையில் வீட்டார் வற்புறுத்தலுக்காக இரண்டு அவுன்ஸ் கூட்டிச் சாப்பிட்டதும் நோய் வந்துவிட்டது என்று அதில் குறைப்பட்டுக்கொள்கிறார். 1566இல் இறக்கும்போது அவருக்கு 80 தாண்டியிருந்தது. ஐரோப்பாவெங்கும் அந்த நூல் பரவியது. நம் திருச்சபையில் லெயோனார்டு லெஸ்ஸியுஸ் என்ற இயேசு சபைக் குரு, பெல்ஜியத்தின் லூவேன் நகரில் இறையியல் கற்பித்தவர், தானும் அந்த முறையைப் பின்பற்றினார். 1613இல் அந்த நூலை இலத்தீனில் மொழிபெயர்த்து, அளவான உணவால் உடலும் அறிவும் தெளிவதைப் பற்றித் தானும் ஒரு நூல் எழுதிச் சேர்த்து வெளியிட்டார். ஒரு குருவானவர் எழுதிய டயட் புத்தகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்! உடம்பைப் பேணுவது உலக ஆசை என்று அவர் ஒதுக்கவில்லை. செபிக்கவும் படிக்கவும் உடம்பு வேண்டும் அல்லவா?

அந்த லெஸ்ஸியுஸ் 1623 தொடக்கத்தில் இறந்தார். அதே 1623இல் அவருடைய சபையைச் சேர்ந்த இன்னொரு குரு மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி வழியாக நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் உணவை விலக்கியவர்தான். ஆனால் அவர் விலக்கியதற்குக் காரணம் முற்றிலும் வேறு.

இராபர்ட் தெ நொபிலி என்பது அவர் இயற்பெயர். தமிழ் மக்கள் அறிந்த பெயர் தத்துவ போதகர். 1577இல் இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவு. 1605இல் கோவாவில் இறங்கி, 1606 நவம்பரில் மதுரை சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியக் குரு இருந்தார். போர்வீரராக இருந்து குருவானவர். 10 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்து, மருத்துவ உதவிக்கு ஓர் இடமும் பள்ளியும் நடத்தினார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களுக்கும் போர்த்துக்கீசியருக்கும் அவரே மேய்ப்பர். ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அவரிடம் திருமுழுக்குப் பெறவில்லை.

ஏன் என்று நொபிலி விசாரித்தார். வேதத்தைக் குறித்து மக்கள் சண்டை போடவில்லை. அவர்கள் பார்த்தது சாப்பாட்டை. பறங்கியர் மாட்டிறைச்சி தின்பவர்கள், மது குடிப்பவர்கள், குளிக்காதவர்கள் என்பது ஊர்ப் பேச்சு. பறங்கியாக மாறுவதுதான் ஞானஸ்நானம் என்று நினைத்துக்கொண்டார்கள். ‘பறங்கி மார்க்கத்தில் சேருகிறாயா?’ என்று நம்மவர்களே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நொபிலி அன்றோடு இறைச்சியை விட்டார். மீனை விட்டார். முட்டையை விட்டார். பூசையில் அருந்தும் அந்தச் சிறிதளவு தவிர இரசத்தையும் விட்டார். காவி உடுத்தி, பாதக்குறடு அணிந்து, தனி வீட்டில் குடியேறினார். நாளுக்கு ஒரே வேளை: சோறு, கீரை, காய்கறி, பழம், கொஞ்சம் பால், நெய். இறைச்சியும் முட்டையும் தம் வீட்டு வாசற்படி தாண்டுவதில்லை என்று உரோமைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார்.

நாமக்கல் பக்கத்து மக்களே, கோழிப்பண்ணைக்கும் முட்டை லாரிக்கும் நடுவே வாழும் நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அவருடைய நாட்டில் இதற்கு ஒரு பொருள் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலம் 40 நாளும் இறைச்சி கிடையாது. முட்டைக்கும் பாலுக்கும்கூடப் பல இடங்களில் தடை. கோழி கேட்டுக்கொண்டா முட்டையிடும்? சேர்ந்துபோன முட்டைகளை வண்ணம் தீட்டி உயிர்ப்பு ஞாயிறன்று கொண்டாடினார்கள். பாஸ்கு முட்டை வழக்கம் பெரிதானது அப்படித்தான். 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு முட்டையையும் பாலையும் சுத்தபோசன நாளிலும் அனுமதித்தது. ஆகவே நொபிலி செய்ததை அவர் ஊர்க்காரர்கள் கேட்டால், ‘இவர் ஆண்டு முழுவதும் தவக்காலம் அனுசரிக்கிறார்’ என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

எல்லாரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை. பெர்னாண்டஸ் மனம் நொந்து மேலிடத்துக்கு எழுதினார். பெல்லார்மினே முதலில் கண்டித்து எழுதி, விளக்கம் கிடைத்த பிறகு மனம் மாறினார். 1619இல் கோவாவில் கூடிய சபையில் ஆயரும் குருக்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணை ஒன்றை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தமிழ்க் கிறிஸ்தவர் சமூக அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அதே ஆணையில் உயர்ந்தோர் தாழ்ந்தோரை இகழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

கடிதம் கப்பலேறி வந்துகொண்டிருந்த அந்த ஆண்டில்தான் அவர் நம் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர். அவர் மரியாதையாக வரவேற்றார். சேலத்தில் அப்படி இல்லை. முன்பின் தெரியாத சந்நியாசிக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. ஊர்ப் பொதுச் சாவடியில் தங்கினார். நாலுபக்கமும் திறந்த இடம். அங்கேயே காய்ச்சலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 45க்கு மேல். 16 ஆண்டுகளாக ஒருவேளைச் சோறு உண்ட உடம்பு.

இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நின்றுவிடுவேன். காய்ச்சல் கண்ட ஐரோப்பியருக்கு அந்தக் கால வைத்தியம் இறைச்சி இரசம், சூப்பு, திராட்சை இரசம். உடம்புக்காக விரதத்தைத் தளர்த்தத் திருச்சபைச் சட்டம் அனுமதித்தது. அன்றும் அனுமதித்தது, இன்றும் அனுமதிக்கிறது. ஆனால் நாலுபேர் பார்க்கும் சாவடியில் படுத்துக்கொண்டு அவர் எதைத் தளர்த்த முடியும்? ஒரு கிண்ணம் சூப்பு குடித்திருந்தால் மதுரையில் 16 ஆண்டு சம்பாதித்த நம்பிக்கை அதோடு போயிருக்கும்.

பிழைத்தார். ஊர்க்காரர் மனம் இளகி இடம் கொடுத்தார்கள். சேலத்தை ஆண்ட நாயக்கரின் நட்பும் கிடைத்தது. அந்த அரச குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் மோரமங்கலத்தில் இருந்தார். சில காலம் உபதேசம் கேட்டு நொபிலி கையால் திருமுழுக்குப் பெற்றார். இன்றைய சேலம் மறைமாவட்டம் 1930இல்தான் உருவானது. ஆனால் இந்த மண்ணில் விசுவாசம் வேர்விட்டது 300 ஆண்டுகளுக்கு முன்பே, அந்தச் சாவடியிலிருந்து.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். தன் உணவு ஒரு சகோதரனுக்குத் தடைக்கல்லாகுமென்றால் இனி இறைச்சியே உண்பதில்லை என்பது அவர் முடிவு. இறைச்சி கெட்டது என்று அவர் சொல்லவில்லை. எல்லா உணவும் தூயதே என்று உறுதியாக நம்பியவர் அவர். நொபிலியும் இறைச்சி அசுத்தம் என்று நம்பி விடவில்லை. தன் உடம்பு இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகவும் விடவில்லை. கூட உட்கார முடியாத மனிதர்களோடு உட்காருவதற்காக விட்டார்.

ஆனால், சகோதரரே, கதையை இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன்.

யாரோடு உட்கார்ந்தார்? அந்தக் கேள்வி வலிக்கும். சைவ உணவும் தனிச் சமையலும் ஒரு சாரார்க்குக் கதவைத் திறந்தபோது, இன்னொரு சாரார்க்கு அதையே மூடின. அவருடைய வீட்டுக்குள் எல்லாரும் வர முடியாது. பெர்னாண்டஸ் குருவானவரும் நொபிலியும் ஒரே ஊரில், ஒரே சபையில், தனித்தனி வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுத் தரும் இரண்டு குருக்கள் ஊர்ப் பார்வைக்கு ஒரே பந்தியில் அமர முடியாத நிலை. இந்தக் குறை அவர் கண்ணுக்கும் பட்டிருக்கிறது. 1640இல் பண்டாரச் சுவாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் தொடங்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. பல்தசார் தா கோஸ்தா அவர்களில் முதல்வர். ஒடுக்கப்பட்ட மக்களிடமும் போகக்கூடியவர்கள் பண்டாரச் சுவாமிகள். நம் புனித அருளானந்தர் அந்த வழியில் வந்தவரே. ஆனாலும் பிரிவு போகவில்லை. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் தலையிட்டு ஆணை பிறப்பிக்கும் அளவுக்கு அது முற்றியது. கோவிலுக்குள் சுவர் வைத்த ஊர்களும், இன்றும் கல்லறையில் சுவர் உள்ள ஊர்களும் நமக்குத் தெரியாதவை அல்ல. உணவுத் தீட்டு என்பது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் திருச்சபை வரலாறே சாட்சி. எதை விடுகிறோம் என்பதோடு, யாரை விட்டுவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நொபிலியின் இலையில் இருந்தது சோறு, பால், நெய். உரோமையில் பிறந்தவருக்கு அது கடும் தவம். ஆனால் சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டில் உழுதவனுக்கு? அவன் உண்டது கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சோளச்சோறு. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் விருந்துக்கும் கிடைப்பது. நம் பாட்டிமார் காலம் வரையில் அப்படித்தான். தவசி உண்ட உணவு ஏழைக்குப் பண்டிகைச் சாப்பாடு. ஒருவரின் விரதம் இன்னொருவரின் விருந்தாக இருக்கக்கூடும் என்பதை நான் இதிலிருந்துதான் கற்றேன்.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். கொல்லிமலைச் சாமையும் தினையும் அழகான பையில் அடைத்து, அரிசியைவிடப் பலமடங்கு விலையில் நகரத்துக் கடைகளில் விற்கின்றன. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையே கொண்டாடியது. அரிசியை விட்டேன் என்று சொல்ல இன்று வசதி வேண்டும்.

நம் மாவட்டத்தில் யாரும் கேளாமலே உணவு குறைக்கப்பட்ட காலமும் இருந்தது. 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சம். சேலம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் கல் உடைப்பவனுக்குக் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் அளவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள், 1881இல் 16 லட்சம் அளவுக்குக் குறைந்திருந்தார்கள். கொர்னாரோ பிரபு 350 கிராம் அளந்து உண்டு நெடுங்காலம் வாழ்ந்தார் என்றேன் அல்லவா? அவர் அரண்மனையில் அமர்ந்து அளந்தார். இவர்கள் வெயிலில் கல் உடைத்தார்கள்.

ஆகவே அந்த அன்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் சீனியையும் மைதாவையும் விட்டது நல்ல காரியம். உடம்பு இறைவன் தந்தது, அதைப் பேணுவது பாவமல்ல. லெஸ்ஸியுஸ் இருந்தால் உங்கள் தோளைத் தட்டியிருப்பார். ஒரு எச்சரிக்கை மட்டும்: சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு ஒருசந்தியிலிருந்தும் விலக்கு உண்டு. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி கடன். சுத்தபோசனம் 14 வயது முதல். ஆனால் உங்கள் மூன்று மாத விரதத்தில் மிச்சமான அரிசி எந்த வீட்டுப் பானைக்குப் போயிற்று? உங்கள் வீட்டில் தனிச் சமையல் செய்ய யார் கூடுதலாக அரை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள்? ஊர்ப் பந்தியில் யாராவது ஆசையாய்ப் பரிமாறியதை மறுத்தபோது அவர் முகம் எப்படி இருந்தது? பரிசோதனைச் சீட்டில் இதெல்லாம் வராது.

நொபிலிக்கு வயதானபோது பார்வை மங்கிப் போயிற்று. மேலிடம் அவரை முதலில் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பியது. மயிலாப்பூர் போர்த்துக்கீசியர் நகரம். இறைச்சியும் இரசமும் எந்த வீட்டிலும் கிடைக்கும். அவர் என்ன உண்கிறார் என்று வேவு பார்க்க ஆளில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அருளானந்தரும் இப்படித்தான் லிஸ்பனுக்குத் திரும்பியபோது, அரசர் அவருடைய பால்ய நண்பர், அரண்மனை விருந்து காத்திருந்தது. அவரோ மறவ நாட்டில் உண்ட அதே எளிய உணவைத்தான் உண்டார்.

மயிலாப்பூரில் நொபிலி ஊருக்கு வெளியே ஒரு மண்குடிசையில் தங்கினார். கண் தெரியாத நிலையிலும் தமிழில் நூல்களைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 1656 ஜனவரி 16 அன்று, தம் 79ஆம் வயதில் இறந்தார். சேலத்துச் சாவடியில் உண்ட அதே சோறும் கீரையும்தான் கடைசிவரை. ஒரே வேளை.